இரண்டு சிஸ்டம், ஒரு நாற்காலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ சொல்லி நான் கேட்டதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததில்லை. போன வருடம் ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் எங்கள் ரூமில் எனக்கே நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கு நேரமில்லை.

இன்னொன்று. நான் சட்டென்று பயப்படுகிற ஆள் கிடையாது. பெயர் ஜாக்குலின். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து பம்பாய்தான். என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். தனியாளாகப் பிள்ளை வளர்த்தவள் நான். லோக்கல் டிரெயின் லேடீஸ் பெட்டி வாசலில் ஒற்றைக் காலில் தொங்கிப் போய் இத்தனை வருடம் வேலை பார்த்தவள். என்னை ஒரு இடத்திலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

மாட்டுங்காவில் ஒரு பாத்திர மொத்தக் கடைக்கு நான் கணக்கு எழுதுகிறேன். முதலாளி உமாமகேஸ்வரி மேடம். அந்த மாதம் ஆபீஸ் இடத்தைக் குடோனாக்கிவிட்டார்.

"வீட்ல கம்ப்யூட்டர் இருக்கறவா வீட்லேர்ந்தே பண்ணுங்கோ," என்றார். "இல்லேன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்கோ."

கணக்கு எழுத நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் ரமேஷ்குமார். அவரிடம் லேப்டாப் இருந்தது. என்னிடம் எதுவும் இல்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் வேலையில் உட்காராவிட்டால், என் கணக்குகளும் அவர் கைக்குப் போய்விடும். அப்புறம் நான் எதற்கு?

அதனால்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினோம். கடையில் இருந்ததிலேயே மலிவானது. பெட்டி தகரம் மாதிரி இருக்கும். கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். ஆனால் எல்லாம் புதுசு. ஒவ்வொரு பாகத்தின் அட்டைப்பெட்டியையும் என் கண் முன்னால்தான் பிரித்துப் பூட்டினார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள். பழைய கம்ப்யூட்டர், யாரோ செத்தவன் வைத்திருந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம்.

என் கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். மகள் ஆனிக்குக் காலேஜ் பிராக்டிகலுக்கு லினக்ஸ் வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டையும் போடலாம், ஆன் செய்யும்போது எது வேண்டுமென்று அதுவே கேட்கும் என்று ஆனி சொன்னாள். முதலில் விண்டோஸ், அப்புறம் லினக்ஸ். மாற்றிப் போட்டால் கோளாறு. சிவப்பு பென் டிரைவில் ஒன்று, கறுப்பில் இன்னொன்று தயார் செய்து வைத்துவிட்டு, சனிக்கிழமை ஐரோலிக்கு ஒரு கம்பெனி டிரெய்னிங்குக்குப் போனாள். ஞாயிறு மதியம் வந்து போட்டுத் தருவதாகப் பேச்சு.

ஞாயிறு காலையிலிருந்து மழை. பம்பாய் மழை.

மூன்றரை மணிக்குக் கொழுந்தன் ஏஞ்சலோ போன் செய்தான்.

"மதினி, ஆனி வர லேட்டாகும் போல. நீங்க எதையும் தொட்டுக் கெடுத்துராதீங்க. நாளைக்கு ஒரு ஆள அனுப்புதேன்."

"நாளைக்கு ஒம்பது மணிக்கு எனக்கு வேலைலே."

"ஒங்களால ஆவாது மதினி."

போனை வைத்தேன். சிவப்பு பென் டிரைவைக் கையில் எடுத்தேன். மணி நான்கு.

எங்கள் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுயம்பு அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு மேலே. இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். நாங்கள் குடிவந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஒரு பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் வரிசையாகப் பிளக் பாயிண்டுகள். அதில் ஒன்றுதான் வேலை செய்தது. முன்னால் தையல் மெஷின் ஓட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்ச் சுவரில் வேறொரு விஷயம். புதுப் பெயிண்டை மீறி, வரிசையாக வட்ட வட்டமாக எண்ணெய்க் கறை. உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில். சோப்பு போட்டுத் தேய்த்தேன். மறுநாள் திரும்ப வந்தது. தேய்ப்பதை விட்டுவிட்டேன்.

பிளக் பாயிண்ட் சுவரை ஒட்டி மேஜை. மேஜை முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இன்னொரு நாற்காலி எனக்குப் பின்னால், அந்தக் கறைச் சுவரை ஒட்டி. மூலையில் ஒரு கட்டில். ரூமில் இருந்தது அவ்வளவுதான்.

விண்டோஸ் சொன்னபடி கேட்டது. டிஸ்கில் பாதியை அதற்குக் கொடுத்தேன். மீதியைத் தொடாமல் விட்டேன். வட்டமாகப் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. டீ போடலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனேன். அடுப்படி என்றால் வேறு ரூம் இல்லை. ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான்.

பால் பொங்கும்போது சத்தம் கேட்டது.

கர்ர்...

பிளாஸ்டிக் கால் தரையில் இழுபடுகிற சத்தம்.

திரையை விலக்கிப் பார்த்தேன். யாருமில்லை. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் மேஜையிலிருந்து கொஞ்சம் விலகி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஒருவர் எழுந்து இன்னொருவருக்கு இடம் விடும்போது திருப்பி வைப்போமே, அப்படி.

நான்தான் எழும்போது தள்ளியிருப்பேன் என்று நினைத்தேன். திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

ஐந்தரைக்கு விண்டோஸ் முடிந்தது. கணக்கு சாஃப்ட்வேரையும் போட்டுப் பார்த்தேன். திறந்தது. அந்த நேரம் ஆனி போன் செய்தாள்.

"மம்மி, ஹார்பர் லைன் டிரெயின் ஃபுல்லா பந்த். தண்ணி நிக்குது. நான் வாஷில கோகிலவாணி வீட்ல இருக்கேன். நாளைக்குதான் வருவேன்."

"சரி. அங்கயே இரு. வெளிய எறங்காத."

"சிஸ்டம அப்படியே விட்று மம்மி. உனக்கு விண்டோஸ் இருக்குல்ல. பஸ், அது போதும்."

"செவ்வாக்கிழமை ஒனக்குப் பிராக்டிகல் இருக்குல்லா, ஏட்டி. கறுப்பு பென் டிரைவச் சொருகுதேன். வழிய மட்டும் சொல்லு."

சொன்னாள். ஒரு எச்சரிக்கையும் சொன்னாள். "டிஸ்க்ல எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போகக் கூடாது மம்மி. போச்சுன்னா உன் விண்டோஸும் சேர்ந்து உட்காந்துடும்." அப்புறம் சிக்னல் போய்விட்டது.

மணி ஆறு பத்து. கறுப்பு பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டர் எழுந்தது. எந்த மொழி என்று கேட்டது. ஆனிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் ஊரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். தமிழ் என்று தட்டினேன்.

திரை கேட்டது: "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

உலக வரைபடம் ஒன்று. எனக்குச் சிரிப்பு வந்தது. மும்பை அதில் இல்லை. கொல்கத்தாதான் இருந்தது. நேரம் ஒன்றுதானே என்று அதையே தட்டினேன்.

அப்போது நாற்காலியின் முதுகில் யாரோ தட்டினார்கள்.

டக். டக். இரண்டு விரல்.

லோக்கல் டிரெயினில் போகிறவர்களுக்கு அது தெரியும். நாம் உட்கார்ந்திருப்போம். நின்றுகொண்டிருப்பவர் சீட்டின் முதுகில் தட்டி, எங்கே இறங்குவீர்கள் என்று கேட்பார். நாம் இறங்கியதும் சீட் அவருக்கு. அந்தத் தட்டுதான். கோபம் இல்லாத தட்டு. உரிமை கேட்கிற தட்டு.

திரும்பினேன்.

கறைச் சுவர். காலி நாற்காலி. வேறு யாரும் இல்லை.

முன்னால் திரும்பினேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது.

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பல்ப் எரிந்தது. கீழே அண்ணாச்சி கடை ரேடியோவும் பாடியது. கரண்ட் போகவில்லை. குனிந்து பார்த்தேன். பிளக் பாயிண்டின் சுவிட்ச் அணைக்கப்பட்டிருந்தது.

மணி ஆறு நாற்பது.

மலிவு சுவிட்ச், தானாக விழுந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். திரும்பப் போட்டேன். முதலில் விண்டோஸ் வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. நல்லவேளை, லினக்ஸ் இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை. திரும்பக் கறுப்பு பென் டிரைவ். திரும்பத் தமிழ். திரும்ப அதே கேள்வி. மெதுவான மெஷின், ஒவ்வொரு திரைக்கும் நேரம் எடுத்தது. இந்தத் தடவை அடுத்த திரைக்கும் போனேன்.

"நீங்கள் யார்?"

பெயர் எழுதக் கட்டம். கர்சர் மின்னியது. தட்டினேன். ஜாக்குலின்.

டக்... டக்... டக்... டக்...

எழுத்து ஒவ்வொன்றாக அழிந்தது. என் கை மடியில் இருந்தது. கீபோர்டில், அழிக்கிற கீ மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. அவசரமில்லாமல். கட்டம் காலியானதும் நின்றது.

கர்சர் மின்னியது.

திரும்ப என் பெயரைத் தட்டினேன். திரும்ப அழிந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பயம் வந்தது உண்மை. ஆனால் அதைவிட அதிகமாக எனக்குக் கோபம் வந்தது. என் ஒரு வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் அது. அதில் என் பெயரை அழிக்க யார் நீ?

மூன்றாவது தடவை தட்டி, அழிக்க நேரம் கொடுக்காமல் என்டரை அமுக்கினேன்.

டக். டக். நாற்காலி முதுகில்.

கம்ப்யூட்டர் அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.

அப்போதுதான் புரிந்தது. அரை மணி. சரியாக அரை மணிக்கு ஒரு தடவை.

நான் அண்ணாச்சியைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். இறங்கி வா, காலையில் பார்க்கலாம் என்பார். இறங்கினால் அப்புறம் ஏறமாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

சுவிட்சைப் போட்டு, அதன் மேல் இன்சுலேஷன் டேப்பை நான்கு அடுக்கு ஒட்டினேன். விண்டோஸ் வந்தது. அதை மூடிவிட்டு லினக்ஸை ஆரம்பித்தேன். எழுதும் இடத்துக்கு முந்தின திரையில் வேண்டுமென்றே நிறுத்திக் காத்திருந்தேன். டேப் தாங்குகிறதா என்று பார்க்க. ஏழு நாற்பதுக்குத் தட்டு கேட்டது. அணைந்தது. குனிந்து பார்த்தேன். டேப் கிழியவில்லை. ஓரத்திலிருந்து நிதானமாக உரிக்கப்பட்டு, சுருட்டி, மேஜைமேல் வைக்கப்பட்டிருந்தது.

ஒழுங்கான ஆள்.

எழுந்து முகம் கழுவினேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அன்னை மரியாளை நினைத்துச் சிலுவை போட்டேன். யோசித்தேன். எழுத ஆரம்பித்தால் முக்கால் மணி நேரமாவது ஆகும். நடுவில் ஒரு தட்டு வரும். அப்போது அணைந்தால் என் விண்டோஸ் போகும், வேலை போகும். அணையாமல் இருக்க ஒரே வழிதான். டேப்பை நம்பக் கூடாது. சுவிட்சை என் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலியை விட்டு எழக் கூடாது.

நாளைக்குப் பார்க்கலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. விண்டோஸ்தான் இருக்கிறதே. ஆனால் நாளைக்கு நான் வேலை பார்க்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை இப்படித் தட்டினால்? இன்றைக்கு எழுந்து கொடுத்துவிட்டால் தினமும் எழுந்து கொடுக்க வேண்டும். பம்பாயில் இருபத்தைந்து வருடம் இருந்தவளுக்கு இது தெரியும்.

சுவிட்சைப் போட்டு எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தேன். இடது கை கீழே, சுவிட்சின் மேல். வலது கை மேஜை விளிம்பில். என் பெயரைத் தட்டினேன். இந்தத் தடவை அழியவில்லை. "நிறுவு" என்று இருந்த இடத்தை அமுக்கினேன்.

கோடு நகர ஆரம்பித்தது.

மழை தகரத்தில் கொட்டியது. கீழே ஷட்டர் இறங்கும் சத்தம். அண்ணாச்சி கடையைச் சாத்திவிட்டார். மழையாதலால் சீக்கிரமே.

எட்டு இருபது.

பின்னால் ஒரு வாசனை. தேங்காய் எண்ணெய். பவுடர். குளித்து, தலை வாரி, எங்கேயோ புறப்பட்டு வந்த ஆண்பிள்ளை வாசனை.

திரும்பவில்லை.

எட்டரை.

"ம்ஹ்ம்..."

தொண்டையைச் செருமுகிற சத்தம். மெதுவாக. மரியாதையாக. வரிசையில் பின்னால் நிற்பவர், நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிவிப்பாரே, அப்படி.

திரும்பவில்லை.

கோடு பாதி தாண்டியிருந்தது.

எட்டு முப்பத்தைந்து.

டக். டக்.

"எந்திரிக்க மாட்டேன்," என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

டக். டக்.

"சொல்லுதேன்லா. எந்திரிக்க மாட்டேன்."

கர்ர்...

நாற்காலி பின்னால் நகர்ந்தது. என்னோடு சேர்ந்து. நான்கு விரல் தூரம். மேஜை விளிம்பை இறுகப் பிடித்தேன். நகம் மடங்கியது. இழுத்து முன்னால் வந்தேன்.

அப்புறம்...

சுவிட்சின் மேலிருந்த என் விரலுக்கு மேல் இன்னொரு விரல் வந்தது.

குளிர் இல்லை. சூடும் இல்லை. எடை மட்டும்.

அது அமுக்கியது.

நான் தாங்கினேன்.

அமுக்கியது.

தாங்கினேன்.

"இது என் ரூம்," என்றேன். "என் மெஷின். என் பிள்ளைக்கு நாளன்னைக்குப் பரீட்சை. ஒனக்கு என்ன வேணுமோ எனக்குத் தெரியாது. நான் முடிக்காம நீ உக்கார முடியாது."

காதுக்குப் பக்கத்தில் மூச்சு.

"போ. பின்னால போய் நில்லு."

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கோட்டை மட்டும் பார்த்தேன்.

நகர்ந்தது.

நகர்ந்தது.

முடிந்தது.

திரை கறுப்பானது. திரும்ப எழுந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல். மேலே லினக்ஸ். கீழே விண்டோஸ். எது வேண்டும் என்று அது கேட்கிறது. அடியில் எண்ணிக்கை ஓடும். நாம் எதையும் தொடாவிட்டால் மேலே இருப்பது தானாக வரும். ஏதாவது ஒரு கீயைத் தொட்டால் எண்ணிக்கை நின்றுவிடும்.

பத்து. ஒன்பது. எட்டு.

நின்றது.

நான் எதையும் தொடவில்லை.

விண்டோஸ் பிழைத்திருக்கிறதா என்று எனக்கு உடனே தெரிய வேண்டும். வலது கையால் கீழ்நோக்கும் கீயை அமுக்கினேன். வெளிச்சம் கீழே இறங்கியது.

டக். மேலே ஏறியது.

இறக்கினேன்.

டக். ஏறியது.

இறக்கி, அந்தக் கீயை விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "காலைல ஒம்பது மணிக்கு எனக்கு வேலை. அது முடியுத வரைக்கும் இது என்னுது."

ஒன்றும் நடக்கவில்லை.

விரலின் மேலிருந்த எடை போயிற்று.

என்டரைத் தட்டினேன். விண்டோஸ் வந்தது. கணக்கு சாஃப்ட்வேர் வந்தது. மூலையில் மணி மூன்று நாற்பது என்று காட்டியது. அது பேய் வேலை இல்லை. இரண்டு சிஸ்டம் போட்டால் நேரம் ஐந்தரை மணி பிசகும், பயப்படாதே என்று ஆனி முன்பே சொல்லியிருந்தாள். உண்மை மணி ஒன்பது பத்து. நேரத்தைச் சரி செய்தேன். அந்த இரண்டு நிமிடம் ரூம் சாதாரணமாக இருந்தது.

அப்புறம், எனக்குப் பின்னால், சுவரோரம்...

கிரீச்.

பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

அன்றிரவு நான் லைட்டை அணைக்கவில்லை. அது பயம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரூமை விட்டு இறங்கவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே ஜெபமாலை சொன்னேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

காலை ஒன்பதுக்கு வேலையில் உட்கார்ந்தேன். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. யாரும் தட்டவில்லை. மதியம் ஆனி வந்தாள். லினக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, "மம்மி, ஒரு எரர் கூட இல்ல. நீயா போட்ட?" என்றாள்.

"பின்ன யாரு போட்டா," என்றேன்.

சாயங்காலம் சுயம்பு அண்ணாச்சியிடம் போய் நேராகக் கேட்டேன். அந்த ரூமில் என்ன இருக்கிறது? அவர் பருப்பு நிறுப்பதை நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, கம்ப்யூட்டர் வைக்கப் போறேன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லயே," என்றார். "பின்னால சந்துல வேற ரூம் இருக்கு. இன்னைக்கே மாத்தித் தாரேன்."

"மாற மாட்டேன் அண்ணாச்சி. என்னன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. ஒரு ஆளின் பெயரை மட்டும் சொன்னார். கரீம் பாட்சா. செம்பூர் ஸ்டேஷன் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை. எங்கள் ரூமில் முன்னால் இருந்தவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அறுபது வயதிருக்கும். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி ஒரு போனைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் சந்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அது என் பிரௌசிங் சென்டரும்மா," என்றார். "ஆறு மெஷின். வீட்ல யார்கிட்டயும் கம்ப்யூட்டர் இல்லாத காலம். சாயங்காலமானா நிக்க எடம் இருக்காது. ஆளுக்கு அரை மணி. அரை மணி ஆச்சுன்னா நானே சுவிட்ச அணைச்சிருவேன். இல்லாட்டி ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

ஸ்டூலை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"நாணுன்னு ஒரு பையன். தெனம் வருவான். குளிச்சு, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி. வெளிநாட்டுக் கம்பெனிலருந்து மெயில் வரணும் அவனுக்கு. வந்துச்சான்னு பாத்துட்டுப் போயிருவான். ரொம்ப மரியாதையான பையன்."

"அவன்தானா?"

"அன்னைக்கும் வந்தான். ஆறரை மணிக்கு. நல்ல மழை. நாந்தான் வாப்பான்னு சொன்னேன். செவத்தோரமா பெஞ்சில போய் உக்காந்தான். அவன் முறை வந்துச்சு. கூப்பிட்டேன். நீங்க வேற ஆள அனுப்புங்க பாய், எனக்கு அவசரமில்லன்னான். ஒவ்வொரு அரை மணிக்கும் கூப்பிட்டேன். அதையேதான் சொன்னான். பத்து மணிக்குக் கடை சாத்தணும். போய்த் தோளத் தொட்டேன். அப்படியே சாஞ்சான்."

பாட்சா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தார்.

"மாரடைப்புன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க. அது சரி, அல்லா விதிச்சது. ஆனா ஒடம்பு வெறச்சுப் போயிருந்துச்சும்மா. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாரு. எப்ப செத்தான்னு தெரியுமான்னு. ஒம்பது மணிக்குக் கூடப் பேசினான் சார்னு சொன்னேன். அவரு என்னை ஒரு மாதிரியாப் பாத்தாரு."

"ஏன்?"

"மதியம் மூணு மணிக்கே உசிரு போயிருச்சுன்னாரு."

கடைக்கு வெளியே டிரெயின் ஒன்று போயிற்று.

"ஆறரை மணிக்கு அந்த இரும்பு ஏணில ஏறி வந்தவன நான் பாத்தேன்மா. வாப்பான்னு சொன்னேன். வாரேன் பாய்னு அவன் சொன்னான்."

நான் எழுந்தேன். டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வீட்டில் ஜிஎஸ்டி கணக்கு பாதியில் நின்றது.